வலை எங்கள் வீட்டில்

வலை எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.
யூரியாப் பைக்குள் சுருட்டி,
கோழிக்கூட்டுக்கு மேலே.
என்னைத் தெரிந்தெடுத்துத் தந்ததல்ல.
மைதானத்துக்குக் கிட்டவீடு, அவ்வளவுதான்.
அறுந்தால் தங்கூசி வாங்கிக் கட்டவேண்டும்,
நனைந்தால் அம்மாவின் கொடியில் போட்டு
ஏச்சு வாங்கவேண்டும்.

நான் நல்ல ஆட்டக்காரன் இல்லை.
நான் அடிக்கும் சேர்விஸ்
பின்கோட்டையும் தாண்டிக்
கச்சான் தோட்டத்துக்குள் விழும்.
ஆறு பேரில் ஒருவன் குறைந்தால்தான்
என் பெயர் ஞாபகம் வரும்.

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை
அப்பா பேசவில்லை.
முத்தையன்கட்டு வாய்க்கால் வழியே
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.
ஆலைக்குப் பின்னால், உமிக்கும்பிக்கு அந்தப்பக்கம்,
சாருஜன் நின்றான்.
மோட்டார் சைக்கிள் புதிது.
"ஒருக்கா இழுத்துப் பார், காசு வேண்டாம்.
இஞ்ச உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."
பிடித்திருந்தது, அந்தக் கடைசிச் சொல்.
ஒருவரும் ஒன்றும் கேட்காத ஓர் இடம்.
கையை நீட்டினேன். மறைக்கமாட்டேன்.
நகமளவு பொலித்தீன் முடிச்சு.

போன் அடித்தது.
"வலை எங்கயடா?"
யசிதரன்.
நான் பெயில் என்பது அவனுக்கும் தெரியும்,
அதை அவன் கேட்கவில்லை.
"நாலரை ஆகுது. உடையார்கட்டுப் பெடியள்
வந்து நிக்கிறாங்கள். வலை எங்கயடா?"
"கோழிக்கூட்டுக்கு மேல. அம்மாட்டக் கேள்."
"கொம்மா தரமாட்டாவாம். நீயே வரட்டாம்."

அவ்வளவுதான் நடந்தது.
முடிச்சைத் திருப்பிக் கொடுத்து
எரிச்சலோடு மிதித்தேன்.
முதல் செட் முடியும்வரை எவனோடும் கதைக்கவில்லை.
இரண்டாவதில் ஒருவனுக்குக் கால் பிரண்டது,
என்னை இறக்கினார்கள்.
தோற்றோம்.

இதில் என் கெட்டித்தனம் எதுவும் இல்லை.
அதே மாதம் அதே உமிக்கும்பியடியில்
நின்றவன் கேதாரன்.
அவன் வீட்டில் வலை இல்லை.
நாலரைக்கு அவனை ஒருவரும் தேடவில்லை.
ஒருவரும் என்றால், நாங்கள்.
வாய்க்காலுக்கு அப்பால் வீட்டுத்திட்டத்துக்குப் பிந்தி வந்த குடும்பம்.
இரண்டு தரம் மைதானத்துக்கு வந்தான்.
"ஆள் சரி" என்றோம்.
மூன்றாம் தரம் வரவில்லை,
அதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

பதினொரு மாதம் எங்கேயோ வைத்திருந்து
திருப்பி அனுப்பினார்கள்.
வாசிகசாலை மதிலில் வந்து குந்தினான்.
என்ன கதைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.
யசிதரன்தான் பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
"கோடெல்லாம் அழிஞ்சு போச்சு.
சுண்ணாம்பு இனி உன்ர பொறுப்பு."

போன சனிக்கிழமை
ஒட்டுசுட்டானில் இருந்து
இரண்டு கிலோ வெள்ளைத் தூளோடு வந்தவனைச்
சந்தியில் பொலிஸ் மறித்தது.
தொட்டுப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள்,
பெயர் கேட்டார்கள்.
பெயர் அவர்களின் கொப்பியில் இருந்தது.
"கோடு போட சேர்."
"என்ன கோடு?"

ஏழு பேர், மூன்று மோட்டார் சைக்கிள்.
சாட்சிக்குப் பந்தையும் கொண்டுபோனோம்.
நான் நடுவீதியில் வலையை விரித்தேன்,
தங்கூசிக் கட்டெல்லாம் தெரிய.
ஒரு பொலிஸ்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கேதாரன் சிரிக்கவில்லை.
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றான்,
எண்ணுகிறவன் மாதிரி.

சுகமாகிவிட்டான் என்று எழுதமாட்டேன்.
சில நாள் வருவதில்லை.
நாலரை தாண்டினால் யாராவது போன் எடுக்கிறோம்:
"சுண்ணாம்பு எங்கயடா?"
சில நாள் அதற்கும் பதில் இல்லை,
இரண்டு பேர் வாய்க்காலைக் கடந்து போகிறோம்.

அவன் போடும் கோடு நேர் இல்லை.
கை இன்னும் நடுங்குகிறது.
பின்கோடு ஓரிடத்தில்
கச்சான் தோட்டத்துப் பக்கமாய் வளைந்து போகிறது.
திருத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.
என் சேர்விஸ் இப்போது
சிலவேளை உள்ளே விழுகிறது.